சோழகம் எங்கே?

பரமத்தி வேலூர்
04.05.2025

செல்வி தீபிகா அவர்களுக்கு,

நம் ஏழாங்கடல் மாயக்கதை வாசகர் வட்டத்தின் ஒன்பதாம் விதி உங்களுக்கு நினைவிருக்கும். கதையைப் பற்றியோ படத்தைப் பற்றியோ உறுப்பினர் இருவருக்குள் சண்டை வந்தால் வாட்ஸ்அப்பில் பேசக் கூடாது, போனில் பேசக் கூடாது, தபாலில்தான் பேச வேண்டும். போன வருஷம் ஒரு மந்திரவாதியின் தாடி நிறத்துக்காக முப்பது பேர் குழுவை விட்டுப் போனபோது நானே உட்கார்ந்து எழுதிய விதி. அதில் முதலில் மாட்டியவனும் நானேதான். வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை சேலத்தில் 'நெடுங்கலம்' படம் விட்டு வெளியே வரும்போது, வட்டத்து ஆட்கள் பத்துப் பேர் நடுவில், "அண்ணா, உங்களுக்குக் கண்ணு எதுக்குங்க இருக்குது?" என்று கேட்டீர்கள். 'ங்க' போட்டுவிட்டால் மரியாதை ஆகிவிடுமா?

படம் சோழர் காலத்துக் கதை. சின்னத் துறைமுகம் ஒன்றின் தலைவன் சாத்தன். அவனிடம் மூன்று கப்பல், கடற்கொள்ளையரிடம் பன்னிரண்டு. "சோழனிடம் போய்க் கையேந்த மாட்டேன்" என்று முதல் பாதியில் வசனம் பேசுகிறான். நல்லது, பேசட்டும். கடைசிச் சண்டையில் பன்னிரண்டு கப்பலும் பாய் விரித்துக்கொண்டு வடக்கிலிருந்து வருகின்றன. இந்த மகராசன் என்ன செய்கிறான்? தன் பாய்களை எல்லாம் இறக்கிவிட்டு மரம் மாதிரி நிற்கிறான். அப்புறம் தெற்கே பார்த்து, "சோழகம் வந்துவிட்டது" என்கிறான். தியேட்டரே எழுந்து விசிலடித்தது. நானும் அடித்தேன், இல்லை என்று சொல்லவில்லை. சோழகம் என்றால் சோழ அகம், சோழ நாடு. பேரரசின் படையே வரப்போகிறது என்று நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். யார் வந்தார்கள்? ஒரு தோணிகூட வரவில்லை. மூன்று கப்பலே போய்ப் பன்னிரண்டையும் முடித்துவிட்டு வருகின்றன. எப்படி என்று கேட்டால் எனக்குக் கண் இல்லை.

இரண்டாவது விஷயம் உங்கள் நாவல். வட்டம் வருஷத்துக்கு ஒரு உறுப்பினரின் புத்தகத்தைத்தான் அச்சிடுகிறது. பரிசீலகன் என்ற முறையில் நான் கையெழுத்துப் போட்டால்தான் ஆகஸ்டு கூட்டத்தில் அது ஓட்டுக்குப் போகும். 'பாம்பேறும் கடல்' முப்பது அத்தியாயமும் படித்தேன். பதினான்காவதை, அந்தக் கடற்சண்டையை, வெட்டிவிடுங்கள். ஐந்து படகை வைத்து நாற்பது கப்பலை ஜெயிக்கிறாள் உங்கள் ஆரணி. மேட்டூர் அணைத் தண்ணீரை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு எழுதிய கடல் அது. கடல் பார்க்காதவர்கள் கடல் எழுதக் கூடாது. வெட்டாவிட்டால் கையெழுத்து இல்லை.

இப்படிக்கு,
வே. குணசீலன்


மேட்டூர்
09.05.2025

அன்புள்ள (இந்த வார்த்தையை அடிக்கலாமா என்று யோசித்தேன், இருக்கட்டும்) குணசீலன் அண்ணாவுக்கு,

தியேட்டரில் கேட்டது தப்புதான். பத்துப் பேர் இல்லாத இடத்தில் கேட்டிருக்க வேண்டும்.

முதலில் என் புத்தகம். அதில் முதல் அத்தியாயத்திலேயே சிறகு முளைத்த பாம்பு ஒரு மலையை விழுங்குகிறது. ஓரத்தில் பென்சிலால் 'அருமை' என்று எழுதியிருக்கிறீர்கள். எட்டாவதில் செத்த ராஜா எழுந்து கணக்குவழக்கில்லாமல் சோறு தின்கிறான். அதற்கும் 'அருமை'. அந்தப் பாம்பை எந்த ஊர்ச் சந்தையில் பார்த்தீர்கள் அண்ணா? அந்த ராஜாவுக்கு இலை போட்டது நீங்கள்தானா? அதற்கெல்லாம் சாட்சி கேட்காதவர் கடலுக்கு மட்டும் ஏன் சாட்சி கேட்கிறீர்கள்?

நான் கடல் பார்த்ததில்லை. உண்மை. அனல்மின் நிலையத்தில் தண்ணீர் சோதிக்கும் வேலை, லீவு போட்டால் முதலில் அம்மாவின் முழங்கால் வலிக்குத்தான் போகும். ஷிப்டு முடிந்து வந்து ஆறு வருஷம் எழுதிய புத்தகம் இது. பெண் கேட்டு வந்தவர்களை எல்லாம் "இந்த புக்கு முடியட்டும்" என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். அம்மா கந்தம்மாள் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை, ஆனால் தினமும் கேட்கிறாள்: "ஏஞ்சாமி, அந்தப் பாம்பு எப்பத்தான் ஊடு போய்ச் சேரும்?" பதினான்காவது அத்தியாயம்தான் அந்தப் புத்தகத்தின் உயிர். அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது வெறும் பாம்பு. வெட்ட மாட்டேன்.

படத்துக்கு வருகிறேன். சாத்தன் பாயை இறக்கியது, சாகப்போகிறோம் என்று கடலுக்குக் காட்டும் மரியாதை. அப்போது அவன் மனசுக்குள் சோழ வீரம் வந்து இறங்குகிறது. அதைத்தான் 'சோழகம் வந்துவிட்டது' என்கிறான். எல்லாவற்றையும் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து காட்டினால்தான் உங்களுக்குப் புரியுமா?

தங்கை,
தீபிகா


பரமத்தி வேலூர்
17.05.2025

செல்வி தீபிகா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைச் சத்தம் போட்டுப் படித்தேன். 'மனசுக்குள் சோழ வீரம்' என்ற இடத்தில் என் மனைவி மைதிலி காப்பியைத் துப்பிவிட்டாள். மனசுக்குள் இறங்கிய சோழர்கள் எந்தக் கையால் பன்னிரண்டு கப்பலையும் கவிழ்த்தார்கள் என்று என்னைக் கேட்டாள். அவள் படமே பார்க்கவில்லை, அவளுக்கே தெரிகிறது.

வட்டத்துப் பத்திரிகையில் எட்டுப் பக்கம் விமர்சனம் எழுதியிருக்கிறேன். தலைப்பு, 'சோழகம் எங்கே?' படித்தவர்கள் எல்லாம் போன் போட்டுப் பாராட்டுகிறார்கள். தலைவர் தீனதயாளன், "குணசீலா, ஒரே போடா போட்டுட்டீங்க" என்றார். அந்த வேகத்தில், ஆகஸ்டு கூட்டத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் போட்டுக்கொள்ள, நெஞ்சில் 'சோழகம் எங்கே?' என்று அச்சடித்த அறுபது டிசர்ட்டுக்கு ஆர்டரும் கொடுத்துவிட்டேன்.

சிறகுப் பாம்பு பற்றிக் கேட்டீர்கள். பாம்பு உங்கள் சொந்தச் சரக்கு, அதை எப்படி வேண்டுமானாலும் பறக்கவிடுங்கள். கடல் உலகத்துக்குப் பொது. அதில் கைவைத்தால் கேள்வி வரும்.

இருந்தாலும் நான் அநியாயக்காரன் இல்லை. ஒரு வாய்ப்புத் தருகிறேன். அந்தப் படத்தில் சோழர்கள் எங்கே வந்தார்கள் என்று எனக்குக் காட்டிவிடுங்கள். காட்டினால் பதினான்காவது அத்தியாயத்தைப் பற்றி மறுபடி யோசிக்கிறேன்.

வே. குணசீலன்


மேட்டூர்
08.06.2025

குணசீலன் அண்ணா, குணசீலன் அண்ணா, குணசீலன் அண்ணா,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள். அண்ணியையும் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். காப்பி வேண்டாம்.

நேற்று 'நெடுங்கலம்' இங்கே மேட்டூருக்கு வந்துவிட்டது. மூன்றாவது தடவையாகப் போனேன். எனக்கு முன் வரிசையில் ஒருவர் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். பெயர் மாரியப்பன். அணையில் மீன் பிடிக்கிற லைசென்ஸ்காரர், உங்களைவிடச் சின்ன வயசு. கல்யாணத்துக்கு முன்னால் எட்டு வருஷம் நாகப்பட்டினம் பக்கம் படகுவேலை பார்த்தவராம். இதெல்லாம் அப்புறம் தெரிந்துகொண்டது.

சாத்தன் பாயை இறக்கினான். நான் வழக்கம்போல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மாரியப்பன் மனைவியிடம் மெதுவாக, "பாத்துக்க, காத்து மாறப்போவுது" என்றார். சாத்தன் அந்த வசனத்தைச் சொன்னான். எல்லாரும் விசிலடித்தார்கள். மாரியப்பன் மட்டும் எழுந்து நின்று, "தூக்குறா பாயை! தூக்குறா!" என்று கத்தினார். அடுத்த நொடி திரையில் சாத்தன் அதையே சொன்னான்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. படம் விட்டதும் வாசலில் ஓடிப்போய் மறித்தேன். "ஏனுங்க, சோழகம்னா யாருங்க?"

"யாருங்களா?" என்று சிரித்தார். "அது ஆளு இல்லீங்க அம்மிணி, காத்துங்க. கடக்கரையில வடக்கேருந்து வந்தா வாடை. கெழக்கேருந்து வந்தா கொண்டல். தெக்கேருந்து வந்தா சோழகம்."

தென்காற்று, அண்ணா! தென்காற்று! சோழன் வரவில்லை, சோழப் படை வரவில்லை, காற்று வந்தது! அதனால்தான் தெற்கே பார்த்துச் சொல்கிறான். அப்படியே திரும்பி அடுத்த காட்சிக்கும் டிக்கெட் எடுத்தேன். இந்தத் தடவை சாத்தன் கப்பலின் கொடியை மட்டும் பார்த்தேன். அவன் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே கொடி வடக்கே திரும்பிவிடுகிறது. இரண்டரை மணி நேரம் ஓடும் படத்தில் கொடி திரும்புவதை நான்கு தடவை எல்லார் கண் முன்னாலும் காட்டுகிறார்கள். சேலமே விசிலடித்துக்கொண்டு சோழருக்காகக் காத்திருந்தது.

நானும்தான் காத்திருந்தேன். அதை நினைத்தால் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது. பதினான்காவது அத்தியாயத்தில் என் ஆரணியும் காற்று மாறுவதற்காகத்தான் பாயை இறக்கிவிட்டு நிற்கிறாள். நானே எழுதியதை எதிரே திரையில் போட்டுக் காட்டினார்கள், எனக்குத் தெரியவில்லை. மாயக்கதை படித்துப் படித்து, எந்த வார்த்தையைக் கேட்டாலும் ஒரு ராஜ்ஜியம்தான் நினைவுக்கு வருகிறது நமக்கு.

கண்ணைப் பற்றி நான் கேட்டதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். காதைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும், என்னையும் சேர்த்து. கையெழுத்துப் போடுங்கள் அண்ணா.

துள்ளிக் குதித்துக்கொண்டிருக்கும்
தீபிகா


பரமத்தி வேலூர்
15.06.2025

செல்வி தீபிகா அவர்களுக்கு,

நாமக்கல் நூலகத்துக்குப் போய்ப் பெரிய அகராதியைப் புரட்டினேன். 'சோழகம்: தென்காற்று' என்று போட்டிருக்கிறது. நாலு தடவை படித்தேன், நாலு தடவையும் அப்படியேதான் இருந்தது. வீட்டுக்கு வந்தால் வாசலில் அறுபது டிசர்ட்டும் வந்து இறங்கியிருக்கின்றன. மைதிலி அன்றைக்குச் சிரிக்க ஆரம்பித்தவள் இன்னும் நிறுத்தவில்லை.

ஒப்புக்கொள்கிறேன். சோழர் வரவில்லை, காற்று வந்தது. விமர்சனத்துக்குத் திருத்தம் போட்டுவிடுகிறேன், சின்ன எழுத்தில்.

ஆனால் ஒரு கேள்வி. காற்று என்ன சாத்தனுக்குத் தாய்மாமனா, அவனுக்கு மட்டும் அடிக்க? திரும்பினால் இரண்டு பக்கத்துக்கும்தானே திரும்பும்? மூன்று கப்பலுக்கு எந்தக் காற்றோ, பன்னிரண்டு கப்பலுக்கும் அதே காற்று. அதில் ஒருவன் ஜெயிப்பதும் ஒருவன் தோற்பதும் எப்படி? படத்துக்கும் இதே கேள்வி, உங்கள் ஆரணிக்கும் இதே கேள்வி. பதில் இல்லை என்றால் அத்தியாயத்தை வெட்டத்தான் வேண்டும்.

வே. குணசீலன்


மேட்டூர்
19.06.2025

அண்ணா,

எழுதிக் காட்டினால் மறுபடியும் எட்டுப் பக்கம் கேள்வி அனுப்புவீர்கள். மேட்டூருக்கு வாருங்கள். 29ஆம் தேதி ஞாயிறு, காலை ஏழு மணி. மாரியப்பன் இரண்டு பரிசலில் தார்ப்பாயைக் கட்டிப் பாய் மாதிரி ஆக்கித் தருகிறேன் என்கிறார். ஒன்றில் விரித்திருக்கும், இன்னொன்றில் சுருட்டியிருக்கும். அணையில் வெயில் ஏறும்போது காற்று திரும்பும். எதிலே வேண்டுமானாலும் ஏறிக்கொள்ளுங்கள். மாற்றுத் துணி எடுத்துவாருங்கள்.

தீபிகா


மேட்டூர்
30.06.2025

திரு. குணசீலன் அவர்களுக்கு,

பதினொன்றரை மணி வரை கரையிலேயே நின்றோம். காற்று ஒன்பதே காலுக்குத் திரும்பிவிட்டது. மாரியப்பன் ஒரு நாள் மீன்பிடிப்பை விட்டுவிட்டு வந்திருந்தார். "உங்கண்ணன் வரமாட்டாருங்க போல, விடுங்க" என்று எனக்கே ஆறுதல் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பார்க்கவும் மாட்டேன், நம்பவும் மாட்டேன் என்பவரிடம் ஆறு வருஷ உழைப்பைக் கொடுத்துவிட்டுக் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். போதும். என் கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

தீபிகா


பரமத்தி வேலூர்
24.07.2025

அம்மிணி தீபிகாவுக்கு,

பிரதியை அனுப்பாமல் வைத்திருந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை மூன்று வாரமாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

29ஆம் தேதி நான் மேட்டூர் வந்தேன். மாற்று வேட்டியோடுதான் வந்தேன். கரைக்கு மேலே புளியமரத்துக்குப் பக்கத்தில் நின்று உங்கள் இரண்டு பேரையும் பார்த்தேன். பரிசல் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கால் வரவில்லை. திரும்பிப்போய் பஸ் ஏறிவிட்டேன்.

காவிரிக் கரையில் பிறந்தவன் நான். முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் எனக்கு மூச்சு நின்றுவிடும். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான், மைதிலியைத் தவிர யாருக்கும் தெரியாது. கடலை நான் பார்த்ததில்லை, பார்க்கவும் போவதில்லை. அதனால்தான் கடல் கதையாகத் தேடித் தேடிப் படிக்கிறேன். புத்தகத்துக்குள்ளே இறங்கினால் நனையாது பாருங்கள்.

இன்னும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பதினான்காவது அத்தியாயத்தை மூன்று தடவை பாதியில் மூடிவைத்தேன். ஆரணி பாயை இறக்கச் சொல்கிற இடம் வந்ததும் எனக்கு மூச்சு முட்டியது. எழுந்துபோய் வாசலில் நின்றேன். ஒரு புத்தகம் என்னை அப்படிப் பண்ணியதில்லை. பயந்துவிட்டேன் என்று சொல்ல வெட்கப்பட்டு, நம்ப முடியவில்லை என்று எழுதிவிட்டேன். பரிசீலகன் செய்யக் கூடாத வேலை.

இப்போது காற்று விஷயம். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆடிக்காற்று எங்கள் வெற்றிலைக் கொடிக்காலில் புகுந்துவிட்டது. உங்களுக்குத் தெரியும், வெற்றிலைக் கொடியை அகத்தி மரத்தில்தான் ஏற்றிவிடுவோம். வடக்குப் பாதியில் அகத்தியின் தலைத்தழையை மைதிலி ஆடி பிறக்கும் முன்பே கழித்துவிட்டாள். தெற்குப் பாதியில் நாளைக்கு, நாளைக்கு என்று நான் விட்டுவிட்டேன். ஒரே தோட்டம், ஒரே காற்று. என் பக்கத்து மரம் எல்லாம் தழையை விரித்துக்கொண்டு ஒன்றின் மேல் ஒன்று சரிந்தன. முதல் வரிசை இரண்டாவது மேல் விழ, இரண்டாவது மூன்றாவது மேல் விழ, கண் மூடித் திறப்பதற்குள் பாதித் தோட்டம் படுத்துவிட்டது. மைதிலியின் பக்கம் மொட்டையாக நின்ற மரம் ஒன்றுகூட அசையவில்லை.

நான் அங்கேயே நின்று, "அடேய், பன்னெண்டு கப்பலு!" என்று கத்திவிட்டேன். வேலைக்கு வந்த பூவாத்தாள், "என்னுங்க சாமி, புத்தி கித்தி பெசகிருச்சுங்களா?" என்றாள். இல்லை, அப்போதுதான் வந்தது. காற்று எல்லாருக்கும் ஒன்றுதான். பாயை விரித்தவன் மேல்தான் அது கைவைக்கும். முன்னால் போன கப்பல் பின்னால் வந்த கப்பல் மேல் மோதும். இறக்கிவைத்துக் காத்திருந்தவன் அப்புறம் நிதானமாகத் தூக்கிக்கொண்டு போவான். இது கடல் பார்த்தால்தான் தெரியும் என்று இல்லை. என் கொடிக்காலிலேயே இருபது வருஷமாக இருக்கிறது.

இப்போது பன்னிரண்டு பேர் அகத்தியைத் தூக்கி நிறுத்துகிற வேலையில் இருக்கிறார்கள். பழைய துணி கேட்டார்கள் என்று மைதிலி அந்த டிசர்ட்டுகளை எடுத்துக் கொடுத்துவிட்டாள். நெஞ்சில் 'சோழகம் எங்கே?' என்று எழுதிக்கொண்டு காற்றில் நின்று மரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் அத்தனை பேரும். நான் வரப்பில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன்.

கொடியை மறுபடி ஏற்றிக் கட்டும்வரை நான் இங்கிருந்து நகர முடியாது. ஆகஸ்டு கூட்டத்துக்கு வர வாய்ப்பில்லை. பிரதியில் கையெழுத்துப் போட்டுத் தீனதயாளனுக்கு அனுப்பிவிட்டேன். ஒரு வரிகூட வெட்டவில்லை. இந்தக் கடிதத்தின் நகலையும் வைத்து, கூட்டத்தில் எல்லார் முன்னாலும் படிக்கச் சொல்லியிருக்கிறேன், தண்ணீர் பயம் உட்பட. பத்துப் பேர் நடுவில் கேட்டதற்கு அறுபது பேர் நடுவில் பதில்.

பதினான்காவது அத்தியாயத்தை நீங்களே வாசியுங்கள் அம்மிணி. விட்டுக்கொடுத்துவிடாதீர்கள்.

அண்ணன்,
குணசீலன்


சேலம், கொண்டப்பநாயக்கன்பட்டி
10.08.2025

என் அன்புள்ள குணசீலன் அண்ணாவுக்கு,

தீனதயாளன் வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கூட்டம் முடிந்து ஒரு மணி நேரம்தான் ஆகிறது. வீட்டுக்குப் போகிறவரை பொறுக்க முடியவில்லை. போன் எடுக்கத்தான் கை போனது. சண்டை முடிந்ததா இல்லையா என்று விதியில் இல்லை, அதனால் தபாலே.

உங்கள் கடிதத்தை வாசிக்கச் சொன்னார்கள். தண்ணீர் பயம் என்ற இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. டிசர்ட் இடத்தில் சிரித்த சிரிப்பில் கூரையே பறந்துவிட்டது. முடித்ததும், சோழருக்காக விசிலடித்தவர்கள் கை தூக்குங்கள் என்றார் தலைவர். அத்தனை கையும் மேலே போனது, அவர் கையும்.

அப்புறம் நான் வாசித்தேன். முதல் இரண்டு பக்கம் என் குரல் எனக்கே கேட்கவில்லை. நீங்கள் மூடிவைத்த அந்த இடம் வந்தது:

"பாயை இறக்கு என்றாள் ஆரணி. ஐந்து படகும் நிர்வாணமாக நின்றன. அவளைக் கோழை என்றான் தம்பி. அவள் உள்ளங்கையை நனைத்து உயரத் தூக்கினாள். விரல்களின் எந்தப் பக்கம் முதலில் குளிரும் என்று காத்திருந்தாள்."

தலையைத் தூக்கிப் பார்த்தேன். முன் வரிசையில் ஒரு பெண் தன் உள்ளங்கையைத் தூக்கிப் பிடித்திருந்தாள், அவளுக்கே தெரியாமல். அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் போய்விட்டது. அதற்குப் பிறகு நான் வாசிக்கவில்லை அண்ணா, ஓட்டினேன். நாற்பது கப்பலையும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றி முடித்தேன். எழுந்து நின்று கை தட்டினார்கள். இறங்கிவரும்போது கால் தரையில் படவில்லை.

ஓட்டு எடுப்பதற்கு முன்னால் ஒரு தடங்கல். திருச்செங்கோட்டு நந்தகுமார் தெரியுமே, போர்வெல் ரிக் வண்டி ஓட்டுகிறவர், எதையும் லேசில் ஒப்புக்கொள்ளமாட்டார். கையைக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

"நல்லாத்தாங்க இருக்குது. ஆனா ஒண்ணு கேக்கோணும். நீங்க கடலைப் பாத்திருக்கீங்களா?"

ஒரு நிமிஷம் பொய் சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது, அண்ணா. சத்தியமாகத் தோன்றியது.

"இல்லீங்க," என்றேன். "நான் பாத்ததில்லை. நீங்க?"

"நானும் பாத்ததில்லீங்க. லோடு லோடா பூமிக்கடியில தண்ணிதான் பாத்திருக்கறேன்."

"சரிங்க. இப்ப நான் வாசிச்சனே, அப்பப் பாத்தீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கட்டியிருந்த கையை அவிழ்த்தார்.

"பாத்தேனுங்க," என்றார்.

அறுபத்தொரு ஓட்டு, எதிர்ப்பு ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை என் புத்தகம் அச்சுக்குப் போகிறது, அண்ணா.

தங்கை,
தீபிகா